"ரெண்டும் சரியில்ல, நாங்க போடப் போறதில்ல" என்பவர்களோடு கொஞ்சம் பேசுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன கிழமை பாடசாலை முடிந்து ஆசிரியர் அறையில் இருந்தபோது மாகாண சபைத் தேர்தல் வருமா வராதா என்று பேச்சு வந்தது. எங்களோடு படிப்பிக்கும் ஒரு தம்பி, வயது முப்பதைத் தாண்டாதவர், சொன்னார்: "வந்தாலும் நான் போடப் போறதில்ல சேர். எந்தத் தேர்தலெண்டாலும் கடைசியில ரெண்டு பேர்தான். ரெண்டும் ஒண்டுதான். நாங்க போட்டு அனுப்பின ஆக்கள் எங்கட மையத்த எரிக்கக்குள்ள என்ன செஞ்சாங்க?"

அறையில் இருந்த ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை. ஏனென்றால் அந்தக் கேள்வி எங்களுக்குள்ளும் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு மூன்று பேர் இருந்து பேசினோம். பிறகும் பல நாள் யோசித்தோம். அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டியதையே இங்கே எழுதுகிறோம். அவரைப் போல நினைப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அவருடைய கோபம் நியாயமானது.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மௌத்தானவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் இருந்தது. 20 நாள் குழந்தையைக்கூட விடவில்லை. அந்தச் சட்டம் அமுலில் இருந்த அதே காலத்தில், 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டும் 20ஆவது திருத்தம் பாராளுமன்றத்துக்கு வந்தது. நம் வாக்கில் போனவர்களில் பலர் கையை உயர்த்தி ஆதரவு கொடுத்தார்கள். தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்த புதினத்தையும் அன்றுதான் கண்டோம். பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய விட்டார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கவும் தீர்மானித்தது. ஆனால் எரிந்தது எரிந்ததுதான்.

ஆட்சி மாறிய பிறகும் மனம் நிறைந்ததா? 2024 நவம்பரில் புதிய அமைச்சரவை நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு முஸ்லிமும் இருக்கவில்லை. ஆகவே "யாருக்குப் போட்டு என்ன" என்று ஒரு மனிதர் கேட்டால், அவரைப் பொறுப்பில்லாதவர் என்று ஏச எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் கோபம் சரி என்பதற்காக அந்தக் கோபத்தில் எடுக்கும் முடிவும் சரியாகிவிடாது. கேள்வி இதுதான்: நாம் போடாமல் இருந்தால் அந்தச் செய்தி யாருக்காவது போய்ச் சேருமா?

ஆசிரியர்கள் என்பதால் தேர்தல் கடமைக்கு எங்களைத்தான் அழைப்பார்கள். வாக்களிப்பு நிலையத்திலும் இருந்திருக்கிறோம், வாக்கெண்ணும் நிலையத்திலும் இருந்திருக்கிறோம். வராதவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? ஒன்றும் நடப்பதில்லை. வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயருக்குக் கோடு விழாது. அவ்வளவுதான். அவர் கோபத்தில் வரவில்லையா, கட்டாரில் இருக்கிறாரா, காய்ச்சலில் படுத்திருக்கிறாரா, வயலில் வேலையா என்று எழுத அந்த இடாப்பில் இடமில்லை. மாலையில் எத்தனை வாக்குச்சீட்டுக் கொடுத்தோம், எத்தனை மிஞ்சியது என்று கணக்கு எழுதிப் பெட்டியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருவோம்.

பரீட்சையும் இப்படித்தான். வினாத்தாள் அநியாயம் என்று கோபித்து ஒரு பிள்ளை பரீட்சை எழுத வராவிட்டால், பெறுபேற்றில் "தோற்றவில்லை" என்றுதான் வரும். அந்தப் பிள்ளையின் நியாயம் எந்தத் தாளிலும் பதியாது.

"அப்படியென்றால் போய்ச் சீட்டைப் பழுதாக்கிவிட்டு வருகிறோம்" என்பார்கள் சிலர். அதையும் கண்டிருக்கிறோம். சீட்டில் முழு வசனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணும் மேசையில் அதைப் பார்க்கிறவர் எங்களைப் போன்ற ஒரு அரச ஊழியர். அவர் வாசிப்பார், சில நேரம் சிரிப்பார், நிராகரிக்கப்பட்ட கட்டில் வைப்பார். அதே கட்டில்தான் தவறாக அடையாளமிட்டவரின் சீட்டும், ஒன்றுமே எழுதாமல் மடித்துப் போட்டவரின் சீட்டும் கிடக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அப்படி நிராகரிக்கப்பட்டவை 3 இலட்சத்து 300. அதில் எத்தனை கோபம், எத்தனை தவறு? யாராலும் சொல்ல முடியாது. தபால் மூலம் வாக்களிக்கும் அரச ஊழியர்களின் வாக்குகளிலேயே நிராகரிக்கப்படுபவை உண்டு. அவையெல்லாம் புரட்சியா? வெட்கத்தோடு சொல்கிறோம், இல்லை. இந்தியாவில் "மேற்கண்ட எவருமில்லை" என்று ஒரு பொத்தான் 2013 முதல் இருக்கிறது. நம் சீட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

இதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் ஜனாதிபதியாக வர, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். கவனியுங்கள், பதிவுசெய்த வாக்காளர்களில் பாதி அல்ல, செல்லுபடியான வாக்குகளில் பாதி. கரும்பலகையில் போடுவது போல் போட்டுப் பார்ப்போம். ஒரு ஊரில் 100 வாக்காளர். எல்லாரும் போட்டால் வெல்ல 51 வேண்டும். 20 பேர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்தால் 41 போதும். இன்னும் 10 பேர் சீட்டைப் பழுதாக்கினால் 36 போதும். அதாவது இரண்டு பேரும் வேண்டாம் என்று ஒதுங்குகிற ஒவ்வொருவரும், அந்த இரண்டில் ஒருவர் ஏற வேண்டிய படியை ஒரு சாண் குறைத்துக் கொடுக்கிறார்.

2019இல் கோட்டாபய ராஜபக்ஷ எடுத்தது 69 இலட்சத்துச் சொச்சம் வாக்கு. செல்லுபடியான வாக்கில் அது 52.25 சதவீதம். ஆனால் பதிவுசெய்த 1 கோடியே 59 இலட்சத்துச் சொச்சம் வாக்காளரோடு ஒப்பிட்டால் 43 சதவீதம்தான். "நாட்டின் பெரும்பான்மை" என்று பிறகு பேசப்பட்டதெல்லாம் அந்த 43தான்.

அதே 2019இல் இன்னொன்றும் நடந்தது. மூன்றாவதாக வந்த அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 4 இலட்சத்து 18 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு, 3.16 சதவீதம். "வீணாகப் போன வாக்கு" என்று ஊரெல்லாம் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அந்தத் தேர்தலில் வாக்களிக்காமலே இருந்தவர்கள் 26 இலட்சம் பேர். மூன்றாமவருக்குப் போட்டவர்களைவிட ஆறு மடங்கு. ஐந்து வருடம் கழித்து அந்த 3 சதவீதக்காரர் ஜனாதிபதியானார். அந்த 26 இலட்சம் பேர் என்ன சொல்ல வந்தார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இதை ஒரு கட்சிக்காக எழுதவில்லை. அமைச்சரவை பற்றிய எங்கள் மனக்குறையை மேலேயே சொல்லிவிட்டோம். சொல்ல வந்தது, எண்ணிக்கையாகப் பதிந்த சின்னக் குரல் நின்றது, பதியாத பெரிய குரல் காற்றோடு போனது என்பதுதான்.

"ஒரு சமூகமாகச் சேர்ந்து புறக்கணித்தால்?" என்று அந்தத் தம்பி கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இந்த நாட்டில் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்து முதல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தபோது, முழுச் சுயராச்சியம் தராத அரசியல் யாப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. கொள்கையில் எந்த அழுக்கும் இல்லாத பகிஷ்கரிப்பு அது. ஆனால் நாட்டின் மற்றப் பகுதிகள் சேரவில்லை. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. சபை அவர்கள் இல்லாமலே நடந்தது.

2005 நவம்பர் 17. புலிகள் அறிவித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சம் பெயர் இருந்த இடாப்பில் வாக்களித்தவர்கள் 1.2 சதவீதம். அந்தத் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையில் வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரத்து 786 வாக்கு மட்டும். மற்றவர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை, அது அல்லாஹ்வுக்கே தெரியும். ஆனால் அடுத்த நான்கு வருடம் அந்த மண்ணில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். யார் ஆள்வது என்று கேட்கப்பட்ட நாளில், அதனால் அதிகம் பாதிக்கப்படப் போகிற மக்களின் வாய் பூட்டிக் கிடந்தது. அந்தச் சனங்களின் துயரத்தை உதாரணமாக எடுப்பதற்கு மனம் கூசுகிறது. ஆனாலும் அதிலிருந்து படிக்காமல் இருப்பது அதைவிடப் பிழை. இங்கே ஒன்றையும் சொல்லி வைக்க வேண்டும். போடாமல் இருப்பது ஒருவரின் உரிமை, மற்றவரைப் போடவிடாமல் வைப்பது அநியாயம். துப்பாக்கியால் தடுத்தாலும் சரி, "எங்கட வீட்டில ஒருத்தரும் போறதில்ல" என்று மனைவியின், உம்மாவின் அடையாள அட்டையை வாங்கி அலுமாரிக்குள் வைத்தாலும் சரி.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு வருடத்தையும் நினைவுபடுத்துகிறோம். 1988. அப்போதும் முக்கியப் போட்டி இரண்டே பேருக்கிடையில்தான், பிரேமதாசவும் சிறிமாவோவும். முஸ்லிம் காங்கிரஸ் அன்று ஒரு சின்னக் கட்சி. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் "ரெண்டும் ஒண்டுதான்" என்று வீட்டில் இருக்கவில்லை. கேட்க வேண்டியதைத் தேர்தலுக்கு முன் கேட்டார். பாராளுமன்றத்தில் ஒரு கட்சிக்கு ஆசனம் கிடைக்க ஒரு மாவட்டத்தில் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கு 12.5 சதவீதமாக இருந்தது. அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிசம்பர் 19ஆம் திகதி தேர்தல், அதற்கு முன்பே 15ஆவது திருத்தம் நிறைவேறிவிட்டது. இன்று இந்த நாட்டின் எல்லாச் சிறிய கட்சிகளும், நமக்குப் பிடிக்காதவையும் சேர்த்து, அந்த 5 சதவீத நிழலில்தான் இருக்கின்றன. ஒதுங்கியிருந்து வாங்கியதல்ல அது. எங்கள் வாக்கு வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே, ஒரே ஒரு விசயத்தைக் கேட்டு வாங்கியது.

சரி, அப்படிக் கேட்க இன்று ஒரு தலைமையும் இல்லை, இரண்டு வேட்பாளரும் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வது?

நம் சீட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. பலர் பாவிப்பதில்லை. ஜனாதிபதித் தேர்தலில் மனதுக்குப் பிடித்தவருக்கு 1 என்று போடலாம். அவர் வெல்லவே மாட்டார் என்று தெரிந்தாலும் போடலாம். பிறகு, வெல்லக்கூடிய இரண்டு பேரில் நமக்குக் குறைந்த தீங்கு யாரால் என்று நினைக்கிறோமோ அவருக்கு 2 போடலாம். விரும்பினால் 3ம் போடலாம். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து அதில் 2, 3 யாருக்கு என்று பார்ப்பார்கள். நம் எதிர்ப்பும் பதியும், கடைசித் தீர்ப்பிலும் நமக்குப் பங்கு இருக்கும்.

2024இல் முதன்முதலாக அப்படி எண்ண வேண்டி வந்தது. முதல் இருவருக்கும் அல்லாமல் மற்றவர்களுக்கு விழுந்த வாக்கு 33 இலட்சத்துக்கு மேல். அந்தச் சீட்டுகளிலிருந்து முதல் இருவருக்கும் கிடைத்த விருப்பு வாக்கு எவ்வளவு தெரியுமா? அநுரவுக்கு 1 இலட்சத்து 5 ஆயிரத்துச் சொச்சம், சஜித் பிரேமதாசவுக்கு 1 இலட்சத்து 67 ஆயிரத்துச் சொச்சம். இரண்டும் சேர்த்து 2 இலட்சத்து 73 ஆயிரம். மீதி 30 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை பூசி, வாக்கும் போட்டுவிட்டு, கடைசித் தீர்ப்பு வந்தபோது இல்லாமல் போனார்கள். சிலர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலானோருக்கு அந்தக் கட்டங்கள் எதற்கு என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறோம். அந்தப் பிழையில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறையாவது பள்ளியிலும் மாதர் சங்கத்திலும் கட்சி பேசாமல், சீட்டை எப்படிப் பாவிப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுப்போம். அதற்கு ஒரு பின்னேரம் போதும்.

மார்க்க ரீதியாக வாக்களிப்பதே கூடாது என்ற கருத்தில் இருக்கும் சகோதரர்களோடு நாங்கள் வாதாட வரவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் "வாக்கு ஒரு சாட்சியம், கெட்டவருக்கு எப்படிச் சாட்சி சொல்வது" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. சாட்சிக்காரர் இருவரையும் நல்லவர் என்று சொல்ல வேண்டியதில்லை. தனக்குத் தெரிந்ததை, இவரைவிட அவரால் தீங்கு குறைவு என்பதைச் சொன்னால் போதும். இரண்டு தீங்குகள் தவிர்க்க முடியாமல் வந்தால் இலேசானதை எடுப்பது என்ற விதி நம் ஃபிக்ஹில் புதிதல்ல. ஆஸ்பத்திரியில் காலை எடுப்பதா உயிரை விடுவதா என்று கேட்கும்போது, இரண்டும் பிடிக்கவில்லை என்று பதில் சொல்லாமல் இருக்கிறோமா?

இன்னொரு விசயம். நாம் வீட்டில் இருந்தால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று நினைக்கக்கூடாது. சோற்றுப் பார்சலுக்கும் சாராய்க்கும் போடுகிறவர் கட்டாயம் வருவார். கொந்தராத்து வேண்டுமென்பவர் வேன் பிடித்து ஆள் கொண்டுவருவார். வராமல் இருப்பவர் யார்? யோசிக்கிறவர், மனம் நொந்தவர், விலைக்குப் போகாதவர். அவர்கள் விலகினால் இடாப்பில் மிஞ்சுவது யார் வாக்கு? நம்மை ஏமாற்றிய உறுப்பினருக்கு நாம் போடாமல் இருப்பது தண்டனை அல்ல, அவருக்கு அது பெரிய நிம்மதி. அவர் பயப்படுவது வேறொருவருக்கு விழும் வாக்குக்குத்தான்.

வாக்குக்குப் பெறுமதி இல்லை என்றால், அதை நம் கையில் தராமல் இருக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்றும் யோசியுங்கள். 2023 மார்ச்சில் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று நின்று, 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் உயர் நீதிமன்றமே அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நம் கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது. அதன்பின் தேர்தலே இல்லை, ஆளுநர் ஆட்சிதான். அன்று எங்களிடம் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று பதினெட்டு வயது நிறைந்தவர்கள். மாகாண சபை உறுப்பினர் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, வாக்குப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் அது பொய். 2020இல் நம் வாக்கு நம்மைக் காப்பாற்றவில்லை. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்கள்தான் முதலில் நம் நெஞ்சைத் தடவினார்கள். அவர்களில் சிங்கள, தமிழ்ச் சகோதரர்களும் இருந்தார்கள். அப்போது நாம் விட்ட பிழை வாக்களித்தது அல்ல. வாக்களித்த அடுத்த நாளே எல்லாம் முடிந்தது என்று பேசாமல் இருந்தது. 20ஆவது திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்தும், ஊரிலிருந்து எத்தனை பேர் நம் உறுப்பினரின் வாசலுக்குப் போய் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டோம்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கோபப்படுவது இலேசு. இடையில் உள்ள நாட்களில் கணக்குக் கேட்பதுதான் கஷ்டம். வாக்குப் போட்டவருக்குக் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. போடாதவரையும் அந்த உறுப்பினர் கேட்க விட வேண்டும்தான், ஆனால் "நீங்க எனக்குப் போடவுமில்ல, எதிராப் போடவுமில்லையே" என்று அவர் சிரித்துவிட்டுப் போவார்.

ஆகவே அந்தத் தம்பிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் எங்கள் பதில் இவ்வளவுதான். உங்கள் கோபம் சரி. அதை வீட்டில் வைத்துப் பழுதாக்க வேண்டாம். எண்ணுகிற இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பிடித்தவருக்கு 1, குறைந்த தீங்குக்கு 2. தேர்தலுக்கு முன் ஒரு விசயத்தைத் தெளிவாகக் கேளுங்கள், தேர்தலுக்குப் பின் அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்த இரண்டாவது வேலையில் நாங்களும் உங்களோடு வருவோம், இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஏச்சு வேண்டாம், கட்சிப் படமும் போட வேண்டாம். நாங்கள் எங்கேயாவது பிழை விட்டிருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள்.

அல்லாஹ் நம் எல்லாருக்கும் நல்ல தெளிவைத் தருவானாக. வஸ்ஸலாம்.